லைடன் ஒழுங்கை

எமில்டா அக்கா யாழ்ப்பாணத்தில், குருநகரில் பிறந்தார். ஒல்லாந்தில் பதின்மூன்று வருடம் வாழ்ந்தார். லண்டனில் ஒரு கிழமை இல்லாமல் போனார். அந்த ஒரு கிழமையைப் பற்றி அவர் எனக்குச் சொன்னதைத்தான் எழுத வந்தேன். ஆனால் லைடனிலிருந்து தொடங்காவிட்டால் அது விளங்காது.

லைடன் ஒல்லாந்தில் ஒரு பழைய பல்கலைக்கழக நகரம். வாய்க்கால்களும் செங்கல் வீடுகளும் சைக்கிள்களுமாக இருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அகதிகளாகப் போன யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் சில அங்கே குடியேறின. எமில்டா அக்கா கத்தோலிக்கர். அகதி முகாமில் கண்டு கல்யாணம் செய்துகொண்ட ஸ்ரீஸ்கந்தராஜா கொக்குவில் சைவக்காரர், பேக்கரியில் வேலை, அதிகம் கதைக்காத மனிதர். அக்கா பூக்களைக் கட்டுக் கட்டாகப் பெட்டியில் அடுக்கும் இடத்தில் வேலை செய்தார். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. மேல்வீட்டில் ஜெயகௌரி என்ற பெண், புருசனைப் பிரிந்து, கைக்குழந்தையோடு இருந்தாள். அந்தக் குழந்தை கௌசியைத் தூக்கி வளர்த்ததில் பாதிப் பங்கு எமில்டா அக்காவுடையது.

அந்தக் குடும்பங்களுக்கெல்லாம் மூத்தவர் நித்தியானந்தன். ஊரில் கூட்டுறவுச் சங்க மனேச்சராக இருந்தவர் லைடனில் பல்கலைக்கழகச் சாப்பாட்டுச்சாலையில் வேலை பார்த்தார். அங்கே கோடைகாலத்தில் அமெரிக்கர்கள் வருவார்கள். தங்கள் முன்னோர்கள் இந்த நகரத்தில் வாழ்ந்தார்களாம், அந்தச் சந்து எங்கே என்று கேட்பார்கள். அமெரிக்கரின் முன்னோர் எப்படி ஒல்லாந்தில் இருந்தார்கள் என்று அவருக்கு ஒரு குறுகுறுப்பு. தேடித் தேடி வாசித்தார். அதன்பிறகு பிறந்தநாள் விழாக்களில், ஆட்கள் சாப்பிட்டு ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து அந்தக் கதையைச் சொல்வார். அவருக்கு நல்ல குரல்.

"நானூறு வருசத்துக்கு முன்னம் இங்கிலாந்திலை ஒரு சின்னக் கூட்டம். பியூரிட்டன் ஆக்கள். ராசாவின்ரை கோயில் எங்களுக்கு வேண்டாம், நாங்கள் எங்கடை பாட்டிலை கும்பிடுறம் எண்டு நிண்டவை. பிடிச்சு மறியலிலை அடைச்சாங்கள். களவாய்க் கப்பலேறி ஒல்லாந்துக்கு ஓடிவந்தவை. அகதியள். இந்த லைடனிலைதான் பத்துப் பன்னிரண்டு வருசம் துணி நெய்து சீவிச்சவை. பிள்ளையள் ஒல்லாந்துக்காரராய் மாறத் தொடங்க, பயம் பிடிச்சிட்டுது. வெளிக்கிட்டிட்டினம். இங்கிலாந்துக்குப் போய், அங்கையிருந்து அமெரிக்கா."

பிறகு குரலைத் தாழ்த்துவார். "கரையிலை கால் வைக்க முன்னம், கப்பலுக்குள்ளையே ஒப்பந்தம் எழுதினவை. நாங்கள் எல்லாரும் ஒரு உடம்பு. எல்லாருமாய் எடுக்கிற முடிவுக்கு எல்லாரும் அடங்கி நடப்பம். ராசா இல்லை, பொலிஸ் இல்லை. ஒரு துண்டுக் கடதாசியிலை ஒரு அரசாங்கம்."

அந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவார்.

2001 இல் லைடன் தமிழர் லண்டனுக்குப் புறப்பட்டார்கள். கையில் ஒல்லாந்துப் பாஸ்போர்ட் இருந்தது. பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வேண்டும், நாலு தமிழர் நடுவில் வளர வேண்டும் என்பது ஆசை. லண்டனின் வடக்கே எட்மண்டனில், மறுபக்கம் வழியில்லாத ஒரு சின்னத் தெருவை, முட்டு ஒழுங்கையை, நித்தியானந்தன் கண்டுபிடித்தார். இரண்டு பக்கமும் ஒட்டு வீடுகள், எல்லாம் ஒரே வீட்டுக்காரருடையவை. ஒவ்வொரு வாடகைக்காரராகப் போகப் போக, அந்த வீடுகளுக்குத் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். நாளடைவில் அதற்கு லைடன் ஒழுங்கை என்று பேர் வந்தது. முதல் கூட்டம் ஒல்லாந்திலிருந்து ஹாரிச் துறைக்கு வரும் கப்பலில் வந்தது. கப்பலின் சாப்பாட்டு மேசையில் வைத்து, நித்தியானந்தனின் கதையில் வருவது போலவே, எல்லாருமாய் எடுக்கும் முடிவுக்கு அடங்கி நடப்போம் என்று ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். வீட்டுக்கு ஒரு கையெழுத்து, அது வீட்டு ஆம்பிளையின் கையெழுத்து. ஜெயகௌரி வீட்டில் ஆம்பிளை இல்லை. அவள் பேனையைக் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்களாம். அவளும் சிரித்துக்கொண்டுதான் அதை எமில்டா அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

அக்காவும் புருசனும் பேக்கரி வேலையால் லைடனிலேயே தங்கிவிட்டார்கள். ஜெயகௌரி ஞாயிறு தோறும் போன் எடுப்பாள். பிறகு சில மாதம் எடுக்கவில்லை. அக்கா எடுத்தபோது அந்த நம்பர் வேலை செய்யவில்லை. ஷிப்டும் பிள்ளையுமாக அலைகிறாள் என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

2004 புரட்டாதியில் அவர்களும் எட்மண்டன் வந்து சேர்ந்தார்கள். ஒழுங்கையின் கடைசியில், ஏழாம் நம்பர் வீடு காலியாக இருந்தது. புதிதாகப் பெயின்ற் அடித்த மணம். நித்தியானந்தனின் மனைவி அருமைநாயகி ரோல்சும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தார். எல்லா வீட்டுப் பெண்களும் வந்து கட்டிப்பிடித்தார்கள். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"கௌரி எங்கை? வேலையோ?"

"ஆர்?" என்றார் அருமைநாயகி.

"ஜெயகௌரி. கௌசியின்ரை அம்மா."

அருமைநாயகி மற்றப் பெண்களைப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் சங்கடம் இல்லை. "அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லையே. ரோல்ஸ் சூடாய் இருக்கேக்கை சாப்பிடுங்கோ."

ஏதோ சண்டை, அதனால் பேரை எடுக்க விரும்பவில்லை என்று அக்கா எண்ணினார். நம் சனத்தில் அது புதிதில்லை. யாராவது தனியாக இருக்கும்போது கேட்டுப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்து மாடியில் இருந்த சின்ன அறைக்குத் திரை போட்டார். மத்தியான நேரம். தடித்த திரையை இழுத்து மூடியதும் அறை இருண்டது. கூரையில் பச்சையாக ஏதோ ஒளிர்ந்தது. வெளிச்சத்தைக் குடித்துவிட்டு இருட்டில் மினுங்கும் பிளாஸ்டிக் நட்சத்திரங்கள். பிள்ளைகள் அறையில் ஒட்டுவார்களே, அவை. பெயின்ற் அடித்தவர்கள் கூரையை விட்டுவிட்டார்கள். வெள்ளையில் வெள்ளையாக இருந்ததால் கண்ணில் படவில்லை. நட்சத்திரங்களை வரிசையாக ஒட்டி, கோணல் எழுத்தில், கௌசி என்று எழுதியிருந்தது.

அக்கா ஓடிப்போய் அருமைநாயகியைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து திரையை மூடிக் காட்டினார். அருமைநாயகி அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வடிவாய் இருக்கு. உங்கடை மகள் ஒட்டினவவோ?"

"எனக்குப் பிள்ளை இல்லை எண்டு அவவுக்குத் தெரியும்" என்று என்னிடம் சொன்னபோது, நாலு வருடம் கழித்தும், எமில்டா அக்கா இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டார். "என்னைச் சீண்ட வேணும் எண்டு கேக்கேல்லை, தம்பி. அன்பாய்த்தான் கேட்டவ."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அக்காவுக்கு நிம்மதி போயிற்று. ஒழுங்கைக்கு மேலே எட்மண்டன் குப்பை எரிக்கும் ஆலையின் புகை வெள்ளையாக நிற்கும். பெருந்தெருவின் இரைச்சல் கடல் போல் கேட்டுக்கொண்டே இருக்கும். எல்லோரும் நல்லவர்கள். சுகமில்லை என்றால் சூப் வரும், காசுக்கு முடை என்றால் கேட்கும் முன் வரும். முற்றத்தைக் கூட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் ஒரு பேரைச் சொன்னால் மட்டும் அந்த இடத்தில் அவர்களுக்குக் காது இல்லை.

ஒரு ஞாயிறு பெண்கள் தேத்தண்ணிக்கு வந்திருந்தபோது அக்கா பழைய வீடியோ கசற் ஒன்றைப் போட்டார். லைடனில் எடுத்தது. கௌசியின் ஐந்தாவது பிறந்தநாள். வந்திருந்த எல்லோரும் அந்த விழாவில் இருந்தவர்கள்தான். பெண்கள் சந்தோசமாகப் பார்த்தார்கள். அருமைநாயகி விரலால் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"இது வசந்தமலர், அப்ப எவ்வளவு மெலிவு. இது எங்கடை இவர். இந்தச் சீலை இப்பவும் கிடக்கு. அது கேக்."

கேக்குக்கும் சீலைக்கும் நடுவில், படத்தின் நட்டநடுவில், பிறந்தநாள்காரி சிவப்புச் சட்டையோடு நின்றாள். பக்கத்தில் ஜெயகௌரி, மகளின் கையைப் பிடித்துக் கேக்கை வெட்டினாள். பிறகு ஜெயகௌரி நேரே கமராவைப் பார்த்து வந்து, சிரித்துக்கொண்டே, "எமில்டாக்கா, கமராவை என்னட்டைத் தாங்கோ, நீங்கள் ஒருக்கா நில்லுங்கோ" என்றாள். முழுத்திரையிலும் அவள் முகம்.

"படம் ஆடுது" என்றார் அருமைநாயகி. வசந்தமலர் பிஸ்கற் எடுத்துக் கடித்தார். "ஆரின்ரை பிறந்தநாளோ தெரியேல்லை" என்றார் இன்னொருவர், உண்மையாகவே யோசித்து.

அக்கா கசற்றை நிறுத்தவில்லை. முடியும் வரை ஓடவிட்டு, அவர்கள் கண்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஜெயகௌரி திரையின் குறுக்கே போகும் ஒவ்வொரு முறையும், எல்லோர் கண்ணும் அவள் போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நகர்ந்தது. ஒருவர் சொல்லி ஒருவர் செய்ததாகத் தெரியவில்லை. காற்றில் நெல் சாய்வது போல் எல்லாம் ஒன்றாகச் சாய்ந்தன.

அவர் புருசனிடம் கேட்டார். "உங்களுக்குக் கௌரியைத் தெரியுந்தானே?"

ஸ்ரீஸ்கந்தராஜா எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினார். "தெரியும். ஆனா கதையாதையும். வந்த கிழமை நித்தி அண்ணை எனக்கு விளங்கப்படுத்தினவர். அந்தப் பிள்ளை மாசக் கூட்டத்திலை முடிவுக்குக் கை உயர்த்தத் தனக்கும் உரிமை வேணும் எண்டு கேட்டுக்கொண்டே இருந்ததாம். ஒவ்வொரு மாசமும். கடைசியிலை எல்லாருமாய் முடிவெடுத்தவையாம்."

"என்ன முடிவு?"

"அவை ரெண்டுபேரும் இல்லை எண்டு."

அக்காவுக்கு லைடனில் கேட்ட கதை ஞாபகம் வந்தது. நித்தியானந்தன் எப்போதும் கப்பலிலேயே ஏன் நிறுத்துகிறார் என்ற யோசனையும் வந்தது. அப்போது அவருக்கு எட்மண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருந்தது. வேலை முடிந்து வரும் வழியில் நூலகத்துக்குப் போய், அந்த ஆட்களைப் பற்றிய புத்தகம் கேட்டு வாங்கினார். ஆங்கிலம் மெதுவாகத்தான் ஓடியது. பஸ்ஸிலும் இடைவேளையிலுமாகப் பனிக்காலம் முழுக்க வாசித்தார்.

கப்பலில் போனவர்களில் பாதிப்பேர் முதல் பனிக்காலத்திலேயே செத்துப்போனார்கள். பத்து வருடம் கழித்து அதே கரையில், பொஸ்ரன் பக்கம், வேறொரு பெரிய கூட்டம் வந்து இறங்கியது. அவர்களும் பியூரிட்டன்கள், ராசாவிடம் சாசனம் வாங்கி, அந்தச் சாசனத்தைக் கையோடு கடல் தாண்டிக் கொண்டுபோனவர்கள். தங்கள் சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஆண்களுக்கு மட்டும் வாக்கு என்று சட்டம் செய்தார்கள். மாறிக் கதைத்த ஒரு போதகரை நாடுகடத்தத் தீர்ப்பளித்தார்கள். அவர் பனியில் காட்டு வழியே தப்பிப் போனார். தன் வீட்டில் ஆட்களைக் கூட்டிப் பேசிய ஒரு பெண்ணை, வயிற்றில் பிள்ளையோடு நிறுத்தி விசாரித்து, ஊரை விட்டுக் கலைத்தார்கள். கலைக்கப்பட்ட பின்னும் திரும்பி வந்த வேறு சிலரின் காதை அறுத்தார்கள். ஒரு பெண்ணைத் தூக்குமேடையில் ஏற்றிக் கயிறு போட்டு, பிறகு இறக்கி, போ என்று அனுப்பினார்கள். அவள் அடுத்த வருடம் திரும்பி வந்தாள். இம்முறை இறக்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு பின்னேரம் நித்தியானந்தன் தன் வீட்டுப் பின்வளவில் ரோசாச் செடிகளுக்குக் கத்தரி வைத்துக்கொண்டிருந்தார். அக்கா வேலிப் பக்கமாகப் போய் நின்றார்.

"அண்ணை, அந்தக் கதையிலை பிறகு நடந்ததை நீங்கள் ஏன் சொல்லுறேல்லை?"

"எந்தப் பிறகு?"

"பொஸ்ரனிலை. ஆக்களைக் கலைச்சது. தூக்கிலை போட்டது."

அவர் திடுக்கிடவில்லை. "வாசிச்சிட்டியளோ. நல்லது, தங்கச்சி. இஞ்சை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை" என்றார். "நானும் வாசிச்சனான். ஒப்பந்தம் எழுத முன்னமே எல்லாம் வாசிச்சிட்டன். அவை வேறை கூட்டம். லைடன்காரர் அவ்வளவு கொடுமை செய்யேல்லை. ஆனா கடைசியிலை என்ன நடந்தது? லைடன்காரரின்ரை ஊரை அந்தப் பொஸ்ரன்காரர் விழுங்கினவை. கதவைப் பூட்டத் தெரிஞ்ச ஆக்கள்தான் நிண்டு பிடிச்சவை. எங்கடை ஆக்கள் எத்தினை நாட்டிலை போய் எத்தினை சங்கம் துவங்கி எத்தினையாய் உடைஞ்சவை எண்டு உங்களுக்குத் தெரியாதே? நாங்கள் ஆரையும் அடிக்கேல்லை. ஒருத்தற்றை காதையும் அறுக்கேல்லை. பாக்காமல் விடுறம். அவ்வளவுதான்."

"அப்ப கௌரியையும் அப்பிடித்தான் விட்டனியளோ?"

அவர் கத்தரியை நிறுத்தினார். "ஆர்?"

அந்த நேரம்தான் தனக்குப் பயம் வந்ததாக அக்கா சொன்னார். நித்தியானந்தன் நடித்திருந்தால் பயம் வந்திராது. அவர் உண்மையாகவே தேடினார். புரட்டாதியில் புருசனுக்கு விளங்கப்படுத்திய அதே மனிதர், எங்கோ கேட்ட ஒரு பேரை ஞாபகப்படுத்தப் பார்ப்பவர் போல் நெற்றியைச் சுருக்கினார். கிடைக்கவில்லை. மன்னிக்கச் சொல்வது போல் சிரித்துவிட்டு ரோசாச் செடிக்குத் திரும்பினார்.

ஒழுங்கையின் அந்த மாதக் கூட்டம் நித்தியானந்தன் வீட்டில் நடந்தது. ஆண்கள் முன்னறையில் இருந்தார்கள், பெண்கள் குசினியில் வடை சுட்டார்கள். எமில்டா அக்கா கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். பெண்கள் யாரும் அப்படிப் போவதில்லை.

"ஏழாம் நம்பர் வீட்டிலை இருந்தவையின்ரை பேர் ஜெயகௌரி, கௌசி. நாங்கள் எல்லாரும் அவையின்ரை வீட்டிலை சாப்பிட்டனாங்கள். அவை இப்ப எங்கை எண்டு ஆராவது எனக்குச் சொல்லுங்கோ."

நித்தியானந்தன் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. செத்த வீட்டில் முகம் பார்ப்பவரின் கவலை இருந்தது. பிறகு ஆண்களின் பக்கம் திரும்பி, "என்ன சொல்லுறியள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

கைகள் ஒவ்வொன்றாக எழும்பின. ஸ்ரீஸ்கந்தராஜாவின் கை முழங்காலில் கிடந்தது. எமில்டா அக்கா அந்தக் கையையே பார்த்தார். அதை அவர் மற்றக் கையால் பிடித்து வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அதுவும் எழும்பியது.

குசினிக்குத் திரும்பியபோது வடைத் தட்டு அவரைத் தாண்டிப் போனது. அவர் வழியில் நின்றார். அருமைநாயகி அவரில் முட்டவில்லை, விலகவும் சொல்லவில்லை. கதிரையைச் சுற்றிப் போவது போல் சுற்றிப் போனார்.

அதன்பிறகு வந்ததுதான் அந்த ஒரு கிழமை.

வீட்டில் ஸ்ரீஸ்கந்தராஜா ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றினார். ஒரு கோப்பை கழுவிக் கவிழ்த்தார். அக்கா முன்னால் நின்று பேசினார், கெஞ்சினார், கத்தினார். அவர் ரேடியோவைத் திருப்பினார். அவருக்குக் கேட்கிறது என்பதற்கு ஒரே அடையாளம், கோப்பை பிடித்த கை நடுங்கியது மட்டும்தான். "என்ரை முகத்தை ஒருக்காப் பாருங்கோ" என்று அக்கா சொன்னபோது, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். மூன்றாம் நாள் அந்தக் கையும் நடுங்கவில்லை.

ஒழுங்கையில் எதிரே வந்தவர்கள் அவர் நின்ற இடத்தைத் தவிர்த்து நடந்தார்கள். முகம் திருப்பவில்லை. முகம் திருப்பினால் அதிலும் ஒரு மரியாதை இருக்கிறது என்றார் அக்கா. அவர்கள் கண் அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தது.

ஒரு காலை குளித்துவிட்டு நின்றபோது கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துடைக்கக் கை போனது. துடைத்தால் அங்கே யார் இருப்பார்கள் என்ற எண்ணம் வந்தது. கையை எடுத்துவிட்டு, துடைக்காமலே சேலையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். அன்று பஸ் ஏறியதும் டிரைவருக்குக் குட் மோர்னிங் சொன்னார். அவன் தெருவைப் பார்த்தபடி இருந்தான். இன்னொரு தரம் சொன்னார். பின்னால் ஆட்கள் தள்ளினார்கள். அவன் எரிச்சலோடு திரும்பி, என்ன வேண்டும் என்று கேட்டபோது அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

முதியோர் இல்லத்தில் மறதி நோய்க்காரக் கிழவி ஒருத்தி இருந்தாள். அவள் அக்காவின் கையைப் பிடித்து, "டோரீன், இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தாய்?" என்றாள். டோரீன் யாரென்று அக்காவுக்குத் தெரியாது. "இனிப் போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்திலேயே இருந்தார். அந்தக் கிழமை முழுக்க அவரைப் பேர் சொல்லி அழைத்தது அவள் ஒருத்திதான், அதுவும் வேறொருத்தியின் பேர்.

சனிக்கிழமை ஒரு பையில் உடுப்புகளை அடுக்கிக்கொண்டு அக்கா வெளிக்கிட்டார். புருசன் வாசலைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். அவர் முன்னால்தான் அக்கா போனார்.

எங்கே போவது என்று ஒரு யோசனை மட்டும் இருந்தது. ஜெயகௌரி நல்லாகச் சேலை கட்டிவிடுவாள், துணி என்றால் உயிர். லண்டனில் துணிக்கடை என்றால் அப்டன் பார்க் என்று எல்லோரும் சொல்வார்கள். அங்கே க்ரீன் ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி, ஒல்லாந்திலிருந்து வந்த பெண் ஒருத்தி வேலை செய்கிறாளா என்று கேட்டார். நாலு மணி போல் ஒரு கடைக்காரர், பின்னுக்கு நிற்கிறா, போய்ப் பாருங்கோ என்றார்.

ஜெயகௌரி சேலைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். "கௌரி" என்று கூப்பிட்டபோது திரும்பவில்லை. மடித்துக்கொண்டிருந்த சேலையை மடித்து முடித்தாள். அதைத் தட்டில் வைத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"நீங்களும் வந்திட்டியளோ?" என்றாள்.

அன்று பின்னேரம் இருவரும் வால்தம்ஸ்டோவுக்குப் போனார்கள். ஜெயகௌரி அங்கே ஒரு சின்ன வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தாள். மேல் அறையில் வாடகைக்கு இருந்தது நான். படியில் பையோடு நின்ற எமில்டா அக்காவை அப்போதுதான் முதல் முதலாகக் கண்டேன். "என்ன அக்கா, பையைத் தாங்கோ" என்றேன். "என்னைத் தெரியுதோ தம்பி?" என்று கேட்டார். எங்கேயோ அறிமுகமானவர் போலும் என்று நினைத்து, "தெரியேல்லை அக்கா" என்றேன். அவர் முகம் வெளிறியதன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

சித்திரையில் ஒருநாள் ஸ்ரீஸ்கந்தராஜா வந்தார். கதவைத் திறந்த அக்கா உள்ளே விடவில்லை.

"நான் ஆர்?"

"எமில்டா."

"பெலத்துச் சொல்லுங்கோ."

"எமில்டா" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார் அந்தப் பேசாத மனிதர். வாசற்படியிலேயே இருந்து அழுதார். "நீர் போன பிறகும் நீர் வீட்டை விட்டுப் போகேல்லை. குசினியிலை தாளிக்கிற சத்தம் கேக்கும். போய்ப் பாத்தால் அடுப்பு குளிர்ந்து கிடக்கும். உம்மடை செருப்புச் சத்தம் படியிலை ஏறும். நான் உம்மைப் பாக்காமல் பழகினதிலை, வீட்டிலை நீர் நிக்கிறீரோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாமல் போச்சுது. என்னாலை அங்கை இருக்கேலாது."

அக்கா அவரை உள்ளே விட்டார். ஆனால் அதன்பிறகு கன காலம், எந்த அறைக்குள் வந்தாலும் அவர் அக்காவின் பேரைச் சொல்லிக்கொண்டுதான் வர வேண்டும். நான் மேலே இருந்து கேட்பேன். எமில்டா, எமில்டா என்று வீடு முழுக்க நடக்கும்.

வருடங்கள் போகப் போக லைடன் ஒழுங்கையிலிருந்து வேறு சிலரும் வந்தார்கள். ஒருவர் மகனின் காதல் விசயத்தில் மாறிக் கதைத்தவர். இன்னொருவர், இல்லை என்று முடிவான யாரையோ தெருவில் கண்டு தலையசைத்தவர். அப்படி வந்தவர்கள் ஞாயிறு மத்தியானம் ஜெயகௌரி வீட்டு முன்னறையில் கூடிச் சாப்பிட்டார்கள். சங்கம் இல்லை, பேர் இல்லை, ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை. கறி மணத்துக்கு நானும் இறங்கிவிடுவேன். ஒழுங்கையின் செய்திகள் அங்கேதான் வரும். வரவர அங்கே ஒருவரை ஒருவர் காண்கிற வீடுகள் குறைந்துகொண்டு வந்தன. ஒரே ஒழுங்கையில், சுவரோடு சுவராக இருந்துகொண்டு, ஆளையாள் சுற்றி நடந்தார்கள். 2007 இல் கடைசியாக எழும்பிய கைகள் நித்தியானந்தனுக்கு எதிராக எழும்பின. எதற்கென்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. அருமைநாயகியும் ஒரு கோப்பைதான் ஊற்றுகிறாராம் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்காரர் ஒழுங்கையையே விற்றுவிட்டார்.

அந்த ஐப்பசியில் ஒரு ஞாயிறு, மழை. சாப்பாட்டின் நடுவில் மணி அடித்தது. எமில்டா அக்கா எழும்பிப் போய்க் கதவைத் திறந்தார். நான் வாசலுக்கு நேரே இருந்தேன். குடை இல்லாமல், தலை நனைந்து, ஒரு வயதான மனிதர் நின்றார். அக்கா அவரை ஏறிட்டார், இடமும் வலமும் தெருவைப் பார்த்தார், கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மணி பழுது போலை. திருத்த வேணும்."

"அக்கா" என்றேன், "அவரை ஏன் மழையிலை விட்டனீங்கள்?"

"ஆரை?"

வாசலில் ஒரு வயதான மனிதர் நனைந்துகொண்டு நின்றார் என்றேன். அக்கா செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினார். நானும் பின்னால் போனேன். பஸ் தரிப்பிடத்தில் அந்த மனிதர் இருந்தார். அக்கா அவருக்கு முன்னால் போய் நின்று, குனிந்து, எழுத்துக் கூட்டி வாசிப்பவர் போல் அந்த முகத்தைப் பார்த்தார். கன நேரம் பிடித்தது.

"நித்தி அண்ணை. சத்தியமாய் எனக்குத் தெரியேல்லை. நான் வேணுமெண்டு செய்யேல்லை."

"தெரியும், தங்கச்சி" என்றார் அவர். நல்ல குரல், கொஞ்சம் கரகரத்திருந்தது. "அது கண் தானாய்ச் செய்யிறது."

அக்கா அவரைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தார். ஸ்ரீஸ்கந்தராஜா தலை துடைக்கத் துவாய் கொடுத்தார். மற்றவர்களில் சிலர் எழும்பிப் போனார்கள், சிலர் இருந்தார்கள். அடுத்த ஞாயிறும் அவர் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும். கதவோரக் கதிரை அவருடையதாயிற்று. எமில்டா அக்கா தன் தட்டைக் கொண்டுபோய் அவருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவார்.

ஜெயகௌரி மட்டும் அவரைக் காணவில்லை. தட்டோடு வருவாள், எல்லோருக்கும் வைப்பாள், கதவோரக் கதிரையைத் தாண்டிப் போவாள். ஒருநாள் அவர் எழும்பி நின்று, "பிள்ளை, நான் உமக்குச் செய்தது" என்று தொடங்கினார். அவள் அவர் தோளுக்கு மேலால் கையை நீட்டி, வெளிச்சம் வரட்டும் என்று யன்னல் திரையை விலக்கினாள். அவள் நடிக்கிறாளா இல்லையா என்று நான் கூர்ந்து பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்கும் உரிமை அந்த அறையில் ஒருவருக்கும் இருந்ததாகவும் நான் நினைக்கவில்லை. எமில்டா அக்காவும் ஒருநாளும் அவளிடம் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நித்தியானந்தனுக்கு அவரே சோறு போட்டார், அவரே கோப்பை கழுவினார்.

நான் வேலை மாறி வெம்பிளிக்குப் போனது 2008 ஆவணியில். போக முன்னம் வந்த ஞாயிறு கீழே சாப்பிடப் போனேன். கௌசி அப்போது உயர்ந்து வளர்ந்து, காதில் பாட்டு வயரோடு படியில் இருந்தாள். எமில்டா அக்கா கதவோரம் இருந்து, மீனில் முள் எடுத்தபடி, யாரையோ கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தார். நித்தியானந்தனும் சிரித்தார்.

கௌசி வயரைக் காதிலிருந்து எடுத்தாள். "அன்ரி, ஆரோடை கதைக்கிறியள்?"

எமில்டா அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் அவர் கை மீனில் அப்படியே நின்றது.

"நித்தி அண்ணையோடை" என்றார். "இஞ்சை வா. வந்து இதிலை இரு. சாப்பிட்டிட்டுப் போ."

அவள் வந்து இருவருக்கும் பக்கத்தில் இருந்தாள்.